தொழிற்சாலையிலிருந்து திரும்பிய தாளம்: 2008ஆம் ஆண்டின் ஓர் இசைத்தொகுப்பும் அதன் பின்னுள்ள நூறாண்டும்

1

2008ஆம் ஆண்டு டாய்ச்ச கிராமோஃபோன் நிறுவனம் ‘ரீகம்போஸ்டு’ என்னும் வரிசையில் மூன்றாவது இசைத்தொகுப்பை வெளியிட்டது. 1898இல் எமில் பெர்லினர் ஹனோவர் நகரில் தொடங்கிய அந்நிறுவனத்தின் மஞ்சள் முத்திரை, ஐரோப்பியச் செவ்வியல் இசையைக் கேட்போர் அனைவரும் அறிந்தது. அந்த முத்திரைக்குக் கீழே இம்முறை இருந்த இரண்டு பெயர்களும் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவை. ஒருவர் கார்ல் கிரெய்க்: 1969இல் டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினக் கலைஞர். மற்றவர் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட்: 1962இல் ஹாம்பர்கில் பிறந்து பெர்லினில் இயங்கியவர். இருவரும் டெக்னோ என்னும் மின்னணு நடன இசையில் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் உழைத்து, அத்துறையின் மூத்தோராக மதிக்கப்பட்டவர்கள்.

அவர்கள் கையிலெடுத்தவை மூன்று படைப்புகள்: மொரீஸ் ராவெலின் ‘பொலேரோ’, அவருடைய ‘ஸ்பானிய ராப்சொடி’, மொதெஸ்த் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’. ஹெர்பெர்ட் ஃபான் காராயான் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு 1980களில் செய்த ஒலிப்பதிவுகளின் மூல நாடாக்களே அவர்களுக்குக் கச்சாப் பொருளாயின. ஒவ்வொரு வாத்தியப் பிரிவும் தனித்தனித் தடத்தில் பதிவான பல்தட நாடாக்கள் அவை. அவற்றிலிருந்து துணுக்குகளை எடுத்து, சுழலவிட்டு, மின்னணு ஒலிகளை இணைத்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட தொகுப்பை உருவாக்கினர். ஒரு முன்னுரை, ஆறு இயக்கங்கள், இடையில் ஓர் இடைநிகழ்வு என்பது அதன் அமைப்பு.

இத்தகைய முயற்சிகளைப் பற்றி எழுதப்படும்போது இரண்டு சொற்றொடர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ‘நடனக்கூட இசைக்குச் செவ்வியல் அந்தஸ்து கிடைத்தது’ என்பது ஒன்று. ‘பழைய இசை இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்தது’ என்பது மற்றொன்று. இரண்டுமே மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பவை. செவ்வியல் கொடுக்கிறது, டெக்னோ பெற்றுக்கொள்கிறது என்னும் படிநிலையை இரண்டும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகின்றன. இப்பதிவில் நான் முன்வைக்க விரும்பும் வாதம் வேறு. அந்த நாடாக்களில் இருந்த தாளத்தின் ஒரு பகுதி தொழிற்சாலையிலிருந்து போனது. இன்னொரு பகுதி அட்லாண்டிக் கடலைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களிடமிருந்து போனது. 2008இல் நிகழ்ந்ததை ஒரு கொடையாகப் பார்ப்பதைவிட, ஒரு திரும்புதலாகப் பார்ப்பதே வரலாற்றுக்கு நெருக்கமானது.

2

ராவெலிலிருந்து தொடங்கலாம். அவருடைய தந்தை பொறியாளர். உள்ளெரி எந்திரங்களின் தொடக்கக் காலத்தில் அத்துறையில் உழைத்தவர். மகனுக்கும் இயந்திரங்களின் மீது தணியாத ஈர்ப்பு இருந்தது. 1905இல் நண்பர்களுடன் படகில் ரைன் நதிப் பகுதிக்குச் சென்றபோது, கரையோர இரும்பாலைகளின் நெருப்பும் பட்டைகளின் ஓசையும் சீழ்க்கையொலியும் தம்மை ஆட்கொண்டதையும், அவற்றை இசையில் பயன்படுத்த எண்ணியதையும் நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். தொழிற்சாலைகளில் மெட்டுகளைக் கண்டெடுப்பது பற்றி 1933இல் ஒரு கட்டுரையே எழுதி வெளியிட்டார்.

‘பொலேரோ’ 1928 நவம்பர் 22 அன்று பாரிஸ் ஓபராவில் நடனக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைனுக்காக அரங்கேறியது. மேடையில் காட்டப்பட்டது ஸ்பானிய மதுக்கூடம். ஆனால் ராவெலின் மனத்தில் இருந்த பின்னணி வேறு. ஒரு தொழிற்சாலையின் முன் அது ஆடப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். படைப்பின் கட்டமைப்பைக் கவனித்தால் காரணம் விளங்கும். சிறு முரசு ஒன்று இரண்டு ஆவர்த்தன நீளமுள்ள ஒரே தாளக்கட்டை 169 முறை வாசிக்கிறது. இரு பகுதிகளைக் கொண்ட ஒரே மெட்டு, வாத்தியம் மாறி மாறித் திரும்ப வருகிறது. மெட்டு வளர்வதில்லை, கிளைப்பதில்லை, விவாதிக்கப்படுவதில்லை. மாறுபவை ஒலியின் நிறமும் அளவும் மட்டுமே. முடிவை நெருங்கும்போது ஒருமுறை சுருதி பெயர்கிறது. பிறகு எல்லாம் இடிந்து விழுந்தாற்போல் முடிகிறது.

ஐரோப்பியச் செவ்வியல் மரபு பெருமையாகக் கருதியது கருப்பொருளின் வளர்ச்சியை. பேட்ஹோவனின் ஒரு சிம்பொனியில் நாலைந்து சுரங்கள் கொண்ட விதை ஒரு பெருமரமாகிறது. அந்த மரபில் நின்று பார்ப்பவருக்கு ‘பொலேரோ’ ஒரு குறும்பாகத்தான் தோன்றியிருக்கும். அதில் இசையே இல்லை என்று ராவெலே வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஆயினும் ஒரு விஷயத்தில் அவர் வேடிக்கை பார்க்கவில்லை. 1930இல் ஆர்துரோ தொஸ்கானினி பாரிஸில் இப்படைப்பை விரைந்த நடையில் நடத்தியபோது ராவெல் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். நடை தொடக்கம் முதல் முடிவு வரை இம்மியும் மாறலாகாது என்பது அவருடைய பிடிவாதம். நடத்துநரின் உணர்ச்சிப் பெருக்குக்கு இடமளிக்காத, இயந்திரத்தின் சமநடையைக் கோரும் ஒரு படைப்பு டிரம் மெஷின் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

3

மற்ற இரண்டு படைப்புகளும் இதே அளவுக்குக் கவனத்துக்கு உரியவை.

‘கண்காட்சியில் ஓவியங்கள்’ 1874இல் முசோர்க்ஸ்கி பியானோவுக்காக எழுதியது. மறைந்த நண்பர் விக்தர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியே அதற்குத் தூண்டுதல். இன்று உலகெங்கும் இசைக்குழுக்கள் வாசிக்கும் வடிவத்தை 1922இல் செர்கெய் கூசெவித்ஸ்கி கேட்டுக்கொண்டதற்கிணங்க ராவெல் அமைத்தார். ஆக, டாய்ச்ச கிராமோஃபோன் தன் காப்பகத்திலிருந்து ‘மூலம்’ என்று எடுத்துக் கொடுத்ததே ஒரு மறுஆக்கம். ஓவியத்திலிருந்து பியானோ, பியானோவிலிருந்து இசைக்குழு, இசைக்குழுவிலிருந்து நாடா, நாடாவிலிருந்து கணினி என்று நீளும் தொடரில் கிரெய்க்கும் ஓஸ்வால்டும் கடைசிக் கண்ணிகள். தொடரின் எந்தக் கண்ணியை ‘படைப்பு’ என்கிறோம், எதை ‘ரீமிக்ஸ்’ என்கிறோம் என்பதை இசையின் இயல்பைக் காட்டிலும் நிறுவனங்களின் வழக்கமே தீர்மானித்து வந்திருக்கிறது.

‘ஸ்பானிய ராப்சொடி’ 1907–08 காலத்தது. அதன் மூன்றாம் பகுதியான ‘ஹாபனேரா’வை மட்டும் ராவெல் 1895இலேயே இரண்டு பியானோக்களுக்காக எழுதியிருந்தார். பெயரே ஊரைச் சொல்லிவிடுகிறது: ஹாபனேரா என்றால் ஹவானாவைச் சேர்ந்தது. ஐரோப்பியக் குடியேறிகளின் ‘கோந்த்ரதான்சா’ நடனம் கியூபாவில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் தாள உணர்வோடு கலந்து, முன்பின்னாக அழுத்தம் விழும் ஒரு தாளக்கட்டாக உருமாறியது. அது ஸ்பெயினுக்குத் திரும்பியது. பாரிஸில் பிஸேயின் ‘கார்மென்’ வழியாகப் புகழ்பெற்றது. ராவெலின் பேனாவில் ‘ஸ்பானியம்’ ஆனது. சர்க்கரைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பெயர் வழியிலேயே உதிர்ந்துபோயிற்று.

1928இன் முற்பகுதியில் ராவெல் அமெரிக்காவில் நீண்ட சுற்றுப்பயணம் செய்தார். நியூயார்க்கில் ஜார்ஜ் கெர்ஷ்வினைச் சந்தித்தார். ஹார்லெமில் ஜாஸ் கேட்டார். ஜாஸைப் பொருட்படுத்திக் கேளுங்கள் என்று அமெரிக்கர்களுக்கே அறிவுறுத்தி எழுதினார். ‘பொலேரோ’ எழுதப்பட்டது அதே ஆண்டின் பிற்பகுதியில். ஜாஸிலிருந்து ‘பொலேரோ’ பிறந்தது என்று சொல்ல நான் முன்வரவில்லை. அந்தக் கடல்வழி இருபுறமும் திறந்திருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

4

இனி டெட்ராய்ட். 1913இல் ஹென்றி ஃபோர்டு, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனை நிறுவினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஒரு காரின் இணைப்புப் பணி 93 நிமிடங்களாகச் சுருங்கியது. 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவிக்கப்பட்டது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் இனவெறிச் சட்டங்களையும் விட்டு வடக்கே பெயர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு டெட்ராய்ட் இலக்காயிற்று. 1950இல் நகரத்தின் மக்கள்தொகை 18 இலட்சத்தைத் தாண்டியது.

அந்த நகரத்தின் முதல் பெரும் இசை நிறுவனமான மோட்டவுனை 1959இல் தொடங்கிய பெரி கார்டி, அதற்கு முன் லிங்கன்-மெர்க்குரி ஆலையின் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். பாடலாசிரியர், வாத்தியக்காரர், நடன ஆசான், ஒப்பனையாளர் எனப் பணிகளைப் பகுத்து, ஒரு முனையில் நுழையும் பதின்பருவத்தினர் மறுமுனையில் நட்சத்திரமாக வெளிவரும் ஏற்பாட்டை அவர் ஆலையிடமிருந்தே கற்றார். 1967 ஜூலையில் வெடித்த கிளர்ச்சியில் 43 பேர் மாண்டனர். வெள்ளையர் வெளியேற்றம் வேகமெடுத்தது. 1972இல் மோட்டவுனும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்தது. 1980இல் மக்கள்தொகை ஏறத்தாழ 12 இலட்சம். 2010இல் 7 இலட்சத்துச் சொச்சம். ஆலைகளில் மனிதக் கைகளின் இடத்தை ரோபோக்கள் பிடித்துவந்த காலமும் இதுவே.

இந்தச் சூழலில் 1981இல் ஹுவான் அட்கின்ஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸுடன் இணைந்து ‘சைபோட்ரான்’ என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். நகருக்கு வெளியே பெல்வில் என்னும் ஊரில் அவருடன் பள்ளியில் படித்த டெரிக் மேயும் கெவின் சாண்டர்சனும் அவரைத் தொடர்ந்தனர். எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்னும் வானொலித் தொகுப்பாளர் ஒரே இரவில் ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் இசையையும் ஜெர்மானியக் குழுவான ‘கிராஃப்ட்வெர்க்’கையும் அடுத்தடுத்து ஒலிபரப்பியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். கிராஃப்ட்வெர்க் என்றால் ஜெர்மன் மொழியில் மின்னுற்பத்தி நிலையம். அக்குழுவின் ஊர் ரைன் கரையிலுள்ள டுசல்டார்ஃப். 1905இல் ராவெல் படகில் சென்று ஆலைகளின் ஓசையில் மயங்கிய அதே நதி.

அட்கின்ஸின் சிந்தனையில் ஆல்வின் டாஃப்ளர் 1980இல் எழுதிய ‘மூன்றாம் அலை’ நூலுக்கு இடமுண்டு. தொழில் யுகம் முடிந்து தகவல் யுகம் பிறக்கிறது என்னும் அதன் கணிப்பு பிற ஊர்களில் ஊகமாக வாசிக்கப்பட்டிருக்கலாம். டெட்ராய்ட்டில் அது அன்றாடக் காட்சி. மோட்டவுனின் பழம்பெருமையைவிட ஃபோர்டு ஆலையின் ரோபோக்களே தமக்கு ஆர்வமூட்டுவதாக அட்கின்ஸ் ஒரு நேர்காணலில் சொன்னதை இங்கே வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். தம் பெற்றோரின் வேலையைப் பறித்த இயந்திரத்தின் மொழியை அந்த இளைஞர்கள் கற்றுக்கொண்டு, அதைத் தமக்காகப் பேசவைக்க முயன்றனர். 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பின் வழியாக அவ்விசைக்கு ‘டெக்னோ’ என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.-808 என்னும் டிரம் மெஷினை 1980 முதல் 1983 வரை தயாரித்தது. உண்மையான முரசுபோல் ஒலிக்கவில்லை என்று தொழில்முறைக் கலைஞர்கள் பலர் ஒதுக்கியதால் அது மலிவாக இரண்டாங்கைக் கடைகளுக்கு வந்தது. வசதியற்ற இளைஞர்களின் கைக்கு எட்டியது. அதே 808-ஐயும் டி.பி.-303 என்னும் பேஸ் கருவியையும் கொண்டு 1982இல் பம்பாயில் திரையிசை வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார் என்பது இந்திய வாசகர்கள் பலருக்கு இப்போது தெரிந்திருக்கும். அன்று அது கவனிக்கப்படாமல் போய், 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் வியந்தது. கருவி ஒன்றுதான். பம்பாயில் அது ஒரு தனிமனிதரின் அரிய சோதனையாக நின்றது. டெட்ராய்ட்டில் ஒரு தலைமுறையின் இயக்கமாயிற்று. வானொலி, நடனக்கூடம், சிறு வெளியீட்டகம், சொல்லியாக வேண்டிய ஒரு நகரத்துயரம் ஆகியவை சேர்ந்திருந்ததே வேறுபாட்டுக்குக் காரணம். கருவியே இசை வகையைப் பிறப்பிக்கிறது என்னும் எளிய தொழில்நுட்ப வாதத்துக்கு இந்த ஒப்பீடு நல்ல மறுப்பு.

5

1989 நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரெனத் தெரியாத கட்டடங்கள் ஏராளமாகக் கிடந்தன. 1991இல் டிமிட்ரி ஹேகெமான் தொடங்கிய ‘ட்ரெசோர்’ என்னும் நடனக்கூடம், லைப்ஸிகர் வீதியில் வெர்ட்ஹைம் பேரங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் இயங்கியது. வெர்ட்ஹைம் ஒரு யூதக் குடும்பத்தின் நிறுவனம்; நாஜி ஆட்சியில் அக்குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டது. அந்த இரும்புக் கதவுகளுக்குள் ஒலித்தவற்றில் பெரும்பங்கு டெட்ராய்ட்டின் இசை. ட்ரெசோர் வெளியீட்டகத்தின் முதல் வெளியீடே மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹுட் ஆகிய டெட்ராய்ட் கலைஞர்களுடையது. 2007இல் ட்ரெசோர் இடம்பெயர்ந்து சேர்ந்த கட்டடம் ஒரு பழைய அனல் மின்நிலையம்.

மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட் இந்த இணைப்பின் மையத்தில் இருந்தவர். செவ்வியல் தாளவாத்தியப் பயிற்சி பெற்றவர். 1980களில் ‘பாலே ஷவும்பர்க்’ குழுவில் வாசித்தவர். 1990களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபெல்மானுடன் சேர்ந்து ஹுவான் அட்கின்ஸோடு பணியாற்றினார். 1993இல் மார்க் எர்னஸ்டஸுடன் ‘பேசிக் சேனல்’ வெளியீட்டகத்தைத் தொடங்கினார். அங்கே டெட்ராய்ட்டின் டெக்னோவோடு மூன்றாவது ஊர் ஒன்று வந்து சேர்ந்தது: ஜமைக்காவின் கிங்ஸ்டன்.

கிங்ஸ்டனில் 1970களில் ‘டப்’ என்னும் முறை வளர்ந்தது. அதன் முன்னோடியான கிங் டபி வானொலிப் பெட்டிகளையும் ஒலிபெருக்கிகளையும் பழுதுபார்த்தவர். முன்பே பதிவான ரெகே பாடலின் பல்தட நாடாவை ஒலிக்கலவை மேசையில் இட்டு, குரலை அழித்து, தாளத்தையும் பேஸையும் மட்டும் விட்டு, இடையிடையே ஒரு கிட்டார்த் துணுக்கை எதிரொலியில் மிதக்கவிடுவார். அதே பதிவு, வேறு பாட்டு. ஜமைக்காவில் இதை ‘வெர்ஷன்’ என்றனர். தட்டின் மறுபக்கத்தில் அதுவே இடம்பெற்றது. பேசிக் சேனலின் இசையும், ஓஸ்வால்டும் எர்னஸ்டஸும் பின்னர் ‘ரிதம் அண்ட் சவுண்ட்’ என்ற பெயரில் செய்தவையும் இம்முறையிடம் கடன்பட்டவை.

கார்ல் கிரெய்க், டெட்ராய்ட்டின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தவர். 1991இல் ‘பிளானெட் ஈ’ வெளியீட்டகத்தைத் தொடங்கினார். ‘இன்னர்ஸோன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து 1999இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2000இல் நடந்த முதல் டெட்ராய்ட் மின்னணு இசைவிழாவின் கலை இயக்குநர் அவரே. ஒரே வகைக்குள் அடங்க மறுப்பது அவருடைய இயல்பு என்பதை இந்த வரிசையே காட்டும்.

6

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு 2008ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கேட்டால் அதன் துணிவு எங்கே இருக்கிறதென்று விளங்குகிறது. ‘பொலேரோ’வின் புகழ்பெற்ற மெட்டுக்குக் கீழே ஒரு நடனத்தாளத்தை ஒட்டவைப்பதுதான் வணிகத்துக்கு எளிய வழி. இவர்கள் அவ்வழியை எடுக்கவில்லை. இங்கே முன்னுக்கு வருபவை மெட்டல்லாத பொருள்கள்: முரசின் தாளக்கட்டு, பித்தளை வாத்தியங்களின் ஒரு குறுவீச்சு, தந்தி வாத்தியங்களின் ஒரு நெடுமூச்சு. அவை சுழன்று சுழன்று, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மிக மெதுவாக அடர்கின்றன. முதல் இயக்கங்களில் கேட்பவர் எதிர்பார்க்கும் கனத்த நடன அடி நெடுநேரம் தள்ளிப்போகிறது. இடைநிகழ்வில் எல்லாம் கரைந்து ஒரு நீண்ட ஒலிப்பரப்பாகிறது. அதன் பின் தாளம் மீண்டும் மேலெழுகிறது.

கட்டமைப்பில் இது ‘பொலேரோ’வுக்கு உண்மையான விசுவாசம். வளர்ச்சியின்றித் திரும்ப வருதல், நிறத்தின் மாற்றம், மாறாத நடை ஆகிய மூன்றும் ராவெல் 1928இல் கேட்டவை. தொஸ்கானினியிடம் அவருக்குக் கிடைக்காத சமநடை கிரெய்க்கின் கருவிகளில் இயல்பாகவே கிடைத்தது. செய்முறையிலோ இது கிங்ஸ்டனின் வழி. பல்தட நாடாவை மேசையில் இட்டு, தேவையற்றதை அழித்து, எஞ்சியதை வெளியில் மிதக்கவிடுவது கிங் டபியின் தொழில். அந்தத் தொழில் காராயானின் நாடாவின்மீது இயங்குகிறது.

காராயானின் பெயர் இங்கே வெறும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. 1955 முதல் 1989 வரை பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநர். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தில் பெரும் நாட்டம் கொண்டு, 1981இல் சால்ஸ்பர்கில் சிடி என்னும் குறுவட்டை உலகுக்கு அறிமுகப்படுத்திய நிகழ்வில் முன்னின்றவர். பிசிறற்ற, பளபளப்பான, முழுக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட ஒலியே அவருடைய இலட்சியம். அந்தக் கட்டுப்பாட்டின் அடையாளமான நாடாவைத் தனித்தனித் தடங்களாகப் பிரித்து, ஒரு டெட்ராய்ட் கறுப்பினக் கலைஞரும் ஜமைக்க முறையைப் பயின்ற ஒரு ஜெர்மானியரும் தம் மேசையில் பரப்பிவைத்தார்கள் என்பது இருபதாம் நூற்றாண்டு இசை வரலாற்றின் குறிப்பிடத்தக்க காட்சிகளில் ஒன்று.

7

ஆயினும் இதை ஒரு சமரச முடிவாகக் கொண்டாடிவிட முடியாது. யார் யாரை மறுஆக்கம் செய்யலாம் என்னும் கேள்வி மிச்சமிருக்கிறது.

1999இல் டெட்ராய்ட்டின் ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ குழு, டி.ஜே. ரோலாண்டோவின் ‘ஜாகுவார்’ என்னும் இசையை வெளியிட்டது. அது ஐரோப்பாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. சோனி நிறுவனத்தின் ஜெர்மானியக் கிளை அனுமதியின்றி அதைப் போலவே ஒரு பதிப்பைத் தயாரித்தது. உலகெங்குமிருந்து எதிர்ப்புக் கிளம்பியபின் விலக்கிக்கொண்டது. அங்கே எடுத்தவரிடம் பணமும் சட்ட வல்லுநர்களும் இருந்தனர். கொடுக்க மறுத்தவரிடம் இருந்தது கேட்பவர்களின் பற்று மட்டுமே. 2008இல் காப்பகத்தின் கதவு திறந்தது உண்மை. ஆனால் அதைத் திறக்கும் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. அட்டையில் ‘இசை: ராவெல், முசோர்க்ஸ்கி’ என்றும் ‘மறுஆக்கம்: கிரெய்க், ஓஸ்வால்ட்’ என்றும் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. முசோர்க்ஸ்கியை மறுஆக்கம் செய்த ராவெல் மட்டும் அப்பிரிவினையில் ‘இசை’யின் பக்கம் நிற்கிறார்.

படைப்பாளி யார் என்னும் வழக்கு செவ்வியல் பக்கத்திலும் தீர்ந்துவிடவில்லை. ‘பொலேரோ’ பிரான்சில் பொதுவுடைமையானது 2016 மே மாதத்தில்தான். முதல் அரங்கேற்றத்தின் காட்சியமைப்பாளர் அலெக்ஸாந்தர் பெனுவாவையும் இணைப்படைப்பாளராக அறிவிக்குமாறு உரிமைதாரர்கள் தொடுத்த வழக்கை 2024இல் பிரெஞ்சு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனிமேதை ஒருவரே ஒரு படைப்பின் முழு உரிமையாளர் என்னும் கருத்தாக்கம் நீதிமன்றத்தில் நின்றது. ஹவானாவின் பெயரறியாத தாளக்காரர்களுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

2024இல் வேறொன்றும் நிகழ்ந்தது. பெர்லினின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசியப் புலப்படா மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அடிப்படையில் அமைந்த பட்டியல் அது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் இணையாததால், அவ்வுடன்படிக்கையின் வழியில் டெட்ராய்ட் இத்தகைய ஏற்பைப் பெற வாய்ப்பில்லை. டெட்ராய்ட்டில் அவ்வரலாற்றைக் காப்பவர்கள் இசைக்கலைஞர்களே: கிராண்ட் பூலவார்ட் சாலையின் மேற்கே மோட்டவுன் அருங்காட்சியகம் இருக்கிறது, அதே சாலையின் கிழக்கே அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸைச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டடத்தில் சிறிய டெக்னோ காட்சியகத்தை நடத்திவருகின்றனர். பிறப்பிடம் ஒன்று, பதிவேடு வேறொன்று. இந்தியாவில் கலை மரபுகளின் உரிமை பற்றி ஆய்வு செய்வோருக்கு இந்த நிலைமை அந்நியமாகத் தோன்றாது.

8

ஆய்வு மாணவர்களுக்கு இதிலிருந்து நான் பரிந்துரைப்பது ஒரு வாசிப்பு முறையை. ஓர் இசைத்தொகுப்பை வரலாற்று ஆவணமாகக் கொள்ளும்போது பாணி, தாக்கம் என்னும் சொற்களோடு நின்றுவிடக் கூடாது. அதன் பொருள்கள் எங்கிருந்து வந்தன, எந்தக் காப்பகத்தில் யாருடைய பூட்டின்கீழ் இருந்தன, எந்தச் செய்முறை எந்த ஊரின் உழைப்பில் உருவானது, அட்டையில் எந்தப் பெயர் எந்த வினைச்சொல்லோடு அச்சாகிறது ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்டால், ‘டெக்னோவுக்குச் செவ்வியல் அந்தஸ்து’ என்னும் வாக்கியம் நிலைக்காது. ஆலைத் தாளமும் ஹவானாத் தாளமும் ராவெலின் காலத்திலேயே அந்த அந்தஸ்துக்குள் இருந்தன; வேறு பெயரில் இருந்தன என்பதே வேறுபாடு.

கேட்க விரும்புவோருக்கு ஒரு வரிசை. முதலில் காராயான் நடத்திய ‘பொலேரோ’, முரசை மட்டும் பின்தொடர்ந்து. அடுத்து ‘ஸ்பானிய ராப்சொடி’யின் ஹாபனேரா. பிறகு கிங் டபியின் ஏதேனும் ஒரு டப் தட்டு. அதன் பின் சைபோட்ரான், பேசிக் சேனல். கடைசியாக 2008ஆம் ஆண்டுத் தொகுப்பை, இடையில் நிறுத்தாமல், நல்ல ஒலிபெருக்கியில். கைப்பேசியின் சிறு ஒலிவாயில் பேஸ் கேட்காது. பேஸ் கேட்காவிட்டால் கிங்ஸ்டனும் கேட்காது. கேட்டவர்கள் தங்களுக்குப் பட்டதைக் கீழே எழுதினால் உரையாடலைத் தொடரலாம்.